காய்ச்சல், தொண்டைவலி, நீர்க்கடுப்பு: ஆன்டிபயாட்டிக் வாங்கும் முன் இருக்கும் நான்கு வழிகள்

மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டால் கவுன்டரில் கேட்கிற கேள்வியும் வாட்ஸ்அப்பில் வருகிற கேள்வியும் ஒன்றுதான். "அக்கா, புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். மாத்திரை வாங்கிட்டுப் போகவா, டாக்டர்கிட்ட காட்டவா, இல்ல முதல்ல டெஸ்ட் எடுக்கவா?" தோல் பட்டறையில் வேலை பார்ப்பவரும் இதைக் கேட்கிறார், விடிகாலையில் இட்லி அண்டாவோடு கிளம்புகிறவரும் கேட்கிறார், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற ஆபீஸ்காரர்களும் கேட்கிறார்கள். இவர்கள் யாரும் கவனமில்லாதவர்கள் இல்லை. பணம், நேரம், பயம் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது யாருக்கும் குழப்பம் வரும்.

இது அந்த வீட்டோடு முடிகிற கேள்வியும் இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளின் மாதிரிகளை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆண்டுதோறும் தொகுக்கிறது. அதன்படி, நீர்க்கடுப்புக்கு முக்கியக் காரணமான ஈ.கோலை பாக்டீரியாவில் இமிபெனெம் என்ற கடைசிக்கட்ட ஊசிக்கு அடங்குவது 2017-ல் சுமார் 81 சதவீதம். 2023-ல் அது 63 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஐசியுவில் இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவுக்குப் பழக்கம் கொடுத்ததில் நம் வீட்டு மாத்திரை டப்பாவுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது நான் அடிக்கடி திரும்பி வரப்போகும் விஷயம் ஒன்றுதான். முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் எடுக்கும் முடிவுக்குத்தான் மதிப்பு அதிகம். விழுங்கிவிட்டால் டெஸ்ட் குழம்பும், டாக்டருக்கும் நோய் சரியாகப் பிடிபடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை.

1. அவகாசம்: எத்தனை மணி நேரம், எத்தனை நாள் பொறுக்கலாம்?
2. பொருத்தம்: இது பாக்டீரியாவால் வந்ததா? ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ். அவற்றின்மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை.
3. கைக்காசு: மருந்து விலை, டாக்டர் பீஸ் மட்டும் இல்லை. வரிசையில் நின்று இழக்கும் அரைநாள் கூலியும் இதில் சேர்த்தி.
4. பின்னால் வரும் விலை: பக்கவிளைவு, உண்மையான நோய் மறைந்துபோவது, அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போவது.
5. கூட இருப்பவர்கள்: பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் உடம்பில் வளரும் பாக்டீரியா மற்றவர்களுக்கும் போகும்.

அவகாசத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில நேரங்களில் உட்கார்ந்து ஒப்பிடவே கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராத மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் மிகக் குறைவது, எங்கிருந்தாவது ரத்தம் கசிவது: இவற்றில் எது இருந்தாலும் நேராக சயான் ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிக்கோ கீமோதெரபி எடுப்பவருக்கோ காய்ச்சல் வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். ரத்தத்தில் தொற்று பரவி ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. அங்கே தாமதம்தான் ஆபத்து.

இனி வருவது, அந்த அளவுக்கு அவசரம் இல்லாத, ஆனால் நம் வீடுகளில் அதிகமாக வருகிற நோய்களுக்கு.

## வழி 1: மெடிக்கலில் கேட்டு வாங்குவது

"போன தடவை கொடுத்தீங்களே, அந்த மாத்திரை மூணு கொடுங்க" என்று கேட்பவர் கையில் சீட்டு இருக்காது. சில கடைகளில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி மூன்றைக் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய துண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில் பாதி, காலாவதி தேதி கடையில் தங்கிவிட்ட இன்னொரு துண்டில். சீட்டில்லாமல் சாப்பிடக்கூடாது என்று மக்களுக்குச் சொல்ல மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் பிரசாரம் செய்த அந்தச் சிவப்புக் கோடும் அறுந்துபோய் இருக்கும். வீட்டுக்குப் போவது பேரில்லாத ஒரு அலுமினியத் துண்டு. இரவில் உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்கு அந்த வீட்டில் பதில் இருக்காது.

அவகாசம் என்று பார்த்தால் இதைவிட வேகமான வழி இல்லை. கைக்காசும் குறைவுதான். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், வேலைக்கும் லீவு போட வேண்டாம். மக்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பொருத்தத்தில்தான் இது விழுகிறது. வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும். இரண்டாம் நாள் மாத்திரை போட்டவர், நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரைதான் கேட்டது என்று நம்புகிறார். அடுத்த காய்ச்சலுக்கும் அதையே கேட்கிறார், பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறார். 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் செலவான ஆன்டிபயாட்டிக் அசித்ரோமைசின் 500, அடுத்தது செஃபிக்ஸிம் 200 என்று ஓர் ஆய்வு காட்டியது. கவுன்டரில் என்னிடம் பெயர் சொல்லிக் கேட்பதும் இந்த இரண்டைத்தான்.

பின்னால் வரும் விலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரியாதது. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது தொண்டைக்கு மட்டும் மருந்து போவதில்லை. குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மேலும் அது படுகிறது. அடங்குபவை சாகும், அடங்காதவை இடம் பிடித்துப் பெருகும். அவை தங்கள் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். மருந்து எடுத்த முதல் மாதத்தில் இந்தத் தாக்கம் மிக அதிகம், ஓராண்டு வரைகூட அது நீடிக்கலாம் என்று 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அதாவது, ஜூனில் தேவையே இல்லாமல் மூன்று மாத்திரை சாப்பிட்ட பெண்ணுக்கு செப்டம்பரில் நிஜமான நீர்க்கடுப்பு வந்தால், சாதாரண மாத்திரை கேட்காமல் ஊசிக்குப் போக வேண்டி வரலாம். மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவது உலகப் பிரச்சினையாக இருந்தாலும் அதன் முதல் பில் சாப்பிட்டவர் பேரிலேயே வருகிறது.

மும்பையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அது காசநோய். லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நீண்ட இருமலுக்கு இதை ஒரு வாரம் சாப்பிட்டால் இருமல் குறைந்த மாதிரி இருக்கும். நோய் உள்ளேயே இருக்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகும். இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர், சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயாளிகளைப் பற்றி அறிவித்து 2012 ஜனவரியில் உலகமே திரும்பிப் பார்த்தது இந்த ஊரைத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், சீட்டில்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. 2014 மார்ச் 1 முதல், சீட்டைப் பார்த்துப் பதிவு செய்தே விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை அதில் இருக்கின்றன. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் சீட்டுக் கேட்பது உங்களை விரட்டுவதற்காக இல்லை.

இந்த வழி எப்போது சரி? பாராசிட்டமால், ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை வாங்க மெடிக்கல்தான் சிறந்த இடம். டாக்டர் எழுதிய கோர்ஸில் காசில்லாமல் பாதி வாங்கிப் போனவர் அதே சீட்டோடு மீதியை வாங்க வருவதும் சரி. புதிய நோய்க்குச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்க இது சரியான வழி என்று சொல்லக்கூடிய ஒரு நிலைமைகூட எனக்குத் தோன்றவில்லை. "ஒரு செட் கொடுங்க" என்று கலந்து கட்டிய பொட்டலம் வாங்குவது இதைவிட மோசம். அதில் வலி மாத்திரை, சில நேரம் ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்திருக்கும்.

## வழி 2: கெடு வைத்துப் பொறுத்துப் பார்ப்பது

மூக்கு ஒழுகல், இருமல், தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல், நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார், விளையாடுகிறார் என்றால் பொறுப்பதுதான் மருத்துவம். பாராசிட்டமால், கஞ்சி, தண்ணீர், ஓய்வு. காசு குறைவு, பக்கவிளைவு கிட்டத்தட்ட இல்லை, வீட்டில் யாருக்கும் எதிர்ப்புக் கிருமியைப் பரப்புவதும் இல்லை. ஐந்து அளவுகோலில் நான்கில் இது முந்துகிறது.

ஆனால் பொறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கெடு இல்லாமல் பொறுத்தால் அது அலட்சியமாகிவிடும். முதல் காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் என்று காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாள் தாண்டினால் டாக்டர். நடுவில் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி வந்தால் அப்போதே ஆஸ்பத்திரி. தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்; தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்பதால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ரத்தக் கசிவு அபாயம் கூடும். உடம்புவலிக்கும் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு.

இந்த வழியின் மறைமுக விலை மனதில் விழுகிறது. பக்கத்து வீட்டு அக்கா "ஒரு மாத்திரை போட்டா சரியாயிருமே, ஏன் புள்ளைய வாட்டுற?" என்று கேட்பார். முதலாளி இரண்டாம் நாளே போன் போடுவார். கூலி வேலைக்காரருக்கு மூன்று நாள் ஓய்வு என்பது மூன்று நாள் கூலி. இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்கவில்லை. ஆனால் வைரஸ் காய்ச்சலில் மாத்திரை போட்டாலும் அந்த மூன்று நாள் குறையப்போவதில்லை.

பொறுக்கவே கூடாத ஒரு மும்பைச் சூழல் இருக்கிறது. 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலி, நாய், மாட்டின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்தால், காலில் சின்னக் கீறல் வழியாகக்கூட அந்தக் கிருமி ஏறும். அது பாக்டீரியா. தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிக்கும். தேவைப்படுவோருக்கு நோய் வருமுன்னே டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். இங்கே ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் எடுப்பதுதான் சரி. யாருக்கு, எத்தனை மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் மருந்தே மாறும்.

## வழி 3: பக்கத்து கிளினிக் அல்லது மாநகராட்சி தவாகானா

தாராவியில் சந்துக்கு ஒரு கிளினிக் உண்டு. பீஸ் குறைவு, வேலை முடிந்து இரவில்கூடப் போகலாம், தமிழ் புரிகிற டாக்டரும் கிடைப்பார். இலவசமாக வேண்டும் என்றால் மாநகராட்சி 2022 முதல் திறந்துவரும் பாலாசாஹேப் தாக்கரே ஆப்லா தவாகானாக்கள் இருக்கின்றன. ஆலோசனை, மருந்து, அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் காசில்லாமல். பல இடங்களில் மாலையிலும் திறந்திருக்கும். 60 அடி சாலையில் நாம் சோட்டா சயான் என்று சொல்லும் நகர்ப்புற சுகாதார மையமும் இருக்கிறது.

பொருத்தம் என்ற அளவுகோலில் இது முதல் வழியைவிட எவ்வளவோ மேல். ஒருவர் தொண்டையைப் பார்க்கிறார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் கவுன்டரும் கொடுக்க முடியாது.

ஆனால் எல்லா கிளினிக்கும் ஒன்றில்லை. காசநோய்க்கு என்ன எழுதுவீர்கள் என்று மும்பையின் தனியார் மருத்துவர்களிடம் கேட்ட இரண்டு ஆய்வுகள் உண்டு. 1991-ல் 100 டாக்டர்கள் 80 விதமான மருந்துத் திட்டம் எழுதினார்கள். 2010-ல் வெளியான ஆய்வில் 106 பேர் 63 விதம். சரியாக எழுதியவர்கள் ஆறு பேர்தான். இதில் டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. "ஊசி போடலையா?", "பவர் மாத்திரை எழுதலையா?" என்று கேட்டு, எழுதாவிட்டால் அடுத்த கிளினிக்குக்குப் போகும் நோயாளியும் அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதுகிறார்.

அதனால் எங்கே போகிறீர்கள் என்பதைவிட அங்கே என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். போர்டில் இருக்கும் பட்டத்தைப் படியுங்கள். சீட்டு வாங்கியதும், "டாக்டர், இது பாக்டீரியாவா வைரஸா?" என்று கேளுங்கள். "ஆன்டிபயாட்டிக் இல்லாம ரெண்டு நாள் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சில டாக்டர்கள் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, "நாளை மறுநாள் வரைக்கும் குறையலன்னா மட்டும் வாங்குங்க" என்பார்கள். மறுபடி வரிசையில் நின்று கூலியை இழக்க வேண்டாம், தேவையில்லாமல் சாப்பிடவும் வேண்டாம். கூலி வேலை செய்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இன்னொரு கேள்வி: "இதைவிடச் சாதாரண மருந்து போதுமா?" உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது. முதலில் கொடுக்கக்கூடியவை 'அக்சஸ்', கவனித்துக் கொடுக்க வேண்டியவை 'வாட்ச்', கடைசிக்கு வைக்க வேண்டியவை 'ரிசர்வ்'. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபுரான்டாயின் எல்லாம் அக்சஸ். நம் ஊரில் தண்ணீராய் ஓடும் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் வாட்ச். 2030-க்குள் மனிதர்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கில் குறைந்தது 70 சதவீதம் அக்சஸ் வகையாக இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐநா பொதுச்சபைக் கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கு நிறைவேறுவது கிளினிக் மேசையில் எழுதப்படும் சீட்டில்தான்.

எத்தனை நாள் என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பல நோய்களுக்கு இப்போது ஐந்து நாளே போதும் என்று தெரிந்திருக்கிறது. காசநோய்க்கு மாதக்கணக்கு. நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

## வழி 4: முதலில் டெஸ்ட், பிறகு மருந்து

கேட்பதற்கு இதுதான் சிறந்தது போலத் தோன்றும். சில நோய்களுக்கு நிச்சயம் இதுதான் சிறந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை.

கல்ச்சர் டெஸ்ட்டில் உங்கள் சிறுநீரிலோ ரத்தத்திலோ இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்க்கிறார்கள். சிறுநீருக்கு இரண்டு மூன்று நாள், ரத்தத்துக்கு ஐந்து நாள் வரை ஆகும். தனியார் லேபில் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு மாத்திரை சாப்பிட்டிருந்தால்கூடக் கிருமி வளராமல், 'ஒன்றும் இல்லை' என்று வந்துவிடலாம். கொடுத்த காசும் வீண், காத்திருந்த நாளும் வீண். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதை லேப் தரும் மூடிய டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வீட்டு ஜாம் பாட்டிலில் பிடித்து மதியம் வரை வைத்திருந்தால் பாட்டிலின் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும்.

ரிப்போர்ட் வந்த பிறகு நடப்பதைக் கவுன்டரில் பார்க்கிறேன். மருந்துப் பெயர்கள் வரிசையாக, எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் இரண்டுக்கும் நடுவே. சிலர் அந்தத் தாளை நேராகக் கடைக்குக் கொண்டுவந்து, எஸ் போட்ட பெயர்களில் பட்டியலின் அடியில் இருக்கும் கடைசிக்கட்ட ஊசிகளான மெரோபெனெம், கோலிஸ்டின் மேல் விரலை வைத்து "இது நல்லா வேலை செய்யும்ல?" என்பார்கள். அதே தாளில் மேலே நைட்ரோஃபுரான்டாயினுக்கும் எஸ் இருக்கும். சில ரூபாய் மாத்திரை போதும் என்ற நல்ல செய்தியைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. டாக்டரிடம் திரும்பிப் போகாத ரிப்போர்ட்டால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்.

டெஸ்ட்டின் மறைமுக விலை இன்னொன்று: தேவையில்லாமல் எடுத்தால் தேவையில்லாமல் மருந்துக்கு இழுக்கும். வயதானவர்களின் சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே பாக்டீரியா இருக்கலாம். பெரும்பாலும் அதற்கு மருந்தே வேண்டாம். கர்ப்பிணிகள் விஷயம் மட்டும் வேறு. டைபாய்டுக்கு எடுக்கும் விடால் டெஸ்ட்டும் அப்படித்தான். பழைய தொற்றுக்கும் வேறு காய்ச்சலுக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். டைபாய்டு சந்தேகம் உறுதியாக இருந்தால் மருந்துக்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மெடிக்கலில் நேராக | கெடு வைத்துப் பொறுத்தல் | கிளினிக் / தவாகானா | முதலில் டெஸ்ட் |
|---|---|---|---|---|
| வேகம் | உடனே | மூன்று நாள் வரை | அதே நாள் | இரண்டு முதல் ஐந்து நாள் |
| சரியான மருந்து கிடைக்கும் வாய்ப்பு | மிகக் குறைவு | வைரஸுக்கு முழுப் பொருத்தம் | டாக்டரைப் பொறுத்து நல்லது | பாக்டீரியா நோய்க்கு மிக நல்லது |
| கைக்காசு | குறைவு | மிகக் குறைவு | இலவசம் முதல் நடுத்தரம் | அதிகம், அரசு இடத்தில் குறைவு |
| பின்னால் வரும் விலை | மிக அதிகம் | கெடு தவறினால் அதிகம் | கேள்வி கேட்காவிட்டால் நடுத்தரம் | டாக்டரிடம் காட்டாவிட்டால் நடுத்தரம் |
| கூட இருப்பவர்களுக்கு | கெடுதல் | நல்லது | பெரும்பாலும் நல்லது | நல்லது |

## எந்த நோய்க்கு எது என்று கேட்டால்

தொண்டைவலி. இருமலும் மூக்கு ஒழுகலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ், இரண்டாவது வழி. இருமலே இல்லாமல் நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வலிக்கும் நெறி என்றால் மூன்றாவது வழி. குழந்தைகளில் பாக்டீரியா தொண்டைவலியைக் கவனிக்காமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைத் தாக்கலாம். ஆகவே இந்த அறிகுறிகள் இருக்கும் குழந்தையை மூன்று நாள் வைத்திருக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ், குழந்தைக்கு அதோடு 14 நாள் துத்தநாகம். பெரும்பாலும் இவ்வளவுதான். ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையை வயிற்றுப்போக்குக்கென்றே பிறந்த மருந்து மாதிரி எல்லோரும் கேட்கிறார்கள், அந்தப் பழக்கம் போக வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலோ கஞ்சித் தண்ணீர் மாதிரி நிற்காமல் போனாலோ உடனே டாக்டர்.

நீர்க்கடுப்பு. டெஸ்ட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பது இங்கேதான். அடிக்கடி வருபவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, ஆண்கள், குளிர்க்காய்ச்சலோடு இடுப்புப் பக்கம் வலிப்பவர்: இவர்கள் டாக்டரைப் பார்த்து, முதல் மாத்திரைக்கு முன் சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். மாதிரி கொடுத்ததும் டாக்டர் எழுதியதைத் தொடங்கலாம், ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் அவர் மாற்றுவார். ரிப்போர்ட் வரும்வரை எரிச்சலோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு டெஸ்ட்டைத் தவிர்க்கிறார்கள். அப்படி இல்லை.

இரண்டு வாரம் தாண்டிய இருமல். ஒப்பீடே வேண்டாம். காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அரசு மையத்தில், இலவசம். மரபணு முறையில் பார்க்கும் கருவிகள் கிருமி ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கு அடங்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அதற்கு முன் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

## நோயே வராமல் இருக்க ஒன்று

இந்த நான்கிலும் சேராத, ஆனால் நான்கையும் பல நேரம் தேவையில்லாமல் ஆக்கக்கூடிய ஒன்றும் உண்டு. நம் நாட்டு டைபாய்டுக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவது ஏறக்குறைய போய்விட்டது. இப்போது அசித்ரோமைசினையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் நம்பித்தான் வைத்தியம் நடக்கிறது. அதற்காகத்தான் சும்மா வரும் சளிக்கு அசித்ரோமைசினைச் செலவழிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். ஹைதராபாதில் தயாராகும் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2017-ன் இறுதியில் தகுதிப் பட்டியலில் சேர்த்தது. மறு வருடமே நவி மும்பை மாநகராட்சி 9 மாதம் முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. நேபாளம், வங்கதேசம், மலாவியில் நடந்த ஆய்வுகளில் அது 80 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக் கொடுத்தது. ஒரே ஊசி, 6 மாதத்திலிருந்தே போடலாம். பிள்ளையை அடுத்த தடுப்பூசிக்கு அழைத்துப் போகும்போது, இதைப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள்.